முள்காடும் சதுப்பும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

எனக்குத் தென்காசி பக்கம். வேலைக்காகச் சென்னை வந்து ஆறு வருஷமாகப் பெருங்குடியில் இருக்கிறோம். ஒன்பது வயதில் ஒரு மகன். சனி, ஞாயிறு வந்தால் மாலுக்குப் போவோம், இல்லையென்றால் ஈ.சி.ஆரில் காரில் ஒரு சுற்று போய்வருவோம். அவனுக்கு மரம், பறவை என்று எதையாவது காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. குற்றாலம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இங்கே பச்சை என்று எதுவும் தட்டுப்படவே இல்லை. அதிகம் பேருக்குத் தெரியாத, கூட்டமில்லாத இடங்கள் நான்கைந்து சொல்ல முடியுமா?

ஒரு வாசகி, பெருங்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

இடங்கள் சொல்கிறேன். அதற்கு முன்னால், குற்றாலம் பார்த்து வளர்ந்த கண் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். நானும் வெளியூரிலிருந்து வந்தவன். முதல் சில வருஷங்கள் எனக்கும் இந்த ஊர் வெறும் வெயிலும் சிமெண்டுமாகத்தான் தெரிந்தது. அருவிக்கரையின் பச்சையை இங்கே தேடினால் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை வைத்துக்கொண்டு மற்ற மாதங்களை ஓட்ட வேண்டிய கடற்கரை இது. இங்கே இயல்பாக வளரும் மரங்கள் குள்ளமானவை. இலை சிறியது, தடித்தது. களா, காரை, சூரை என்று பாதிக்கு முள் இருக்கும். தாழ்வான நிலமாக இருந்தால் கோரையும் சம்பும் முளைத்துச் சதுப்பாகக் கிடக்கும். இரண்டையும் பார்த்து ‘சும்மா கிடக்கிற புதர்’ என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பாதியை இழந்தோம்.

கிண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் மாளிகையைச் சுற்றி வேலி போட்ட நிலமாக இருந்ததால் தப்பித்த காடு அது. அதிலிருந்து ஐ.ஐ.டி.க்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் கொடுத்தது போக மிச்சம் சுமார் 270 ஹெக்டேர். 1978இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே இருக்கும் வெளிமானின் பெயரை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். வெளியில், அதாவது திறந்த புல்தரையில் வாழ்கிற மான். ஆபத்து வந்தால் கண்ணால் கண்டு ஓடித் தப்பிக்கிற பிராணி அது. நல்லது செய்வதாக நினைத்து அந்தப் புல்வெளியில் நெருக்கமாக மரம் நட்டால் வெளிமானுக்கு இடமில்லாமல் போய்விடும். காட்டின் உட்பகுதிக்கு நாம் நினைத்தபடி போக முடியாது. சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் போகலாம்.

ஆனால் நீங்கள் முதலில் போக வேண்டியது கிண்டிக்கு இல்லை. பெருங்குடியில் குடியிருந்துகொண்டு பச்சை இல்லை என்கிறீர்கள்! பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகிற ரேடியல் ரோடு அதை வெட்டிக்கொண்டுதான் போகிறது. குப்பைக்கிடங்கு நாற்றத்துக்காக எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற இடம். 2022இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் அது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரித் தண்ணீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடல் பக்கம் போகும். ஒரு காலத்தில் இன்னும் பல மடங்கு விரிந்து கிடந்த நிலம். அதை மேடாக்கி வீடு கட்டினோம். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் என் நண்பன் வீட்டுத் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர் நின்றபோதுதான், தண்ணீருக்கு அதன் பழைய இடம் மறக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

சாலையோரத்தில் காரை நிறுத்தாதீர்கள், ஆபத்து. வனத்துறை அங்கே ஒரு சூழல் பூங்கா அமைத்திருக்கிறது. காலையில் அங்கே போய்க் கால்மணி நேரம் ஒரே இடத்தில் நில்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் சம்புப் புல்லுக்குள் ஊதா கலந்த நீலத்தில் ஒன்று அசையும். அது நீலத் தாழைக்கோழி. சிவந்த அலகு, நெற்றியிலும் அதே சிவப்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளமான விரல்கள். ஒரு தண்டை அலகால் பிடுங்கும், உடனே தின்னாது. ஒரு காலால் தண்டைக் கிளி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேல்தோலை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் கடிக்கும். கரும்பு தின்கிற பிள்ளை மாதிரியே இருக்கும். ஒற்றைக்காலில் நின்றுகொண்டு இதைச் செய்கிறது என்பது எனக்கே பல வருஷம் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது. கார்த்திகைக்குப் பிறகு போனால் வலசை வந்த வாத்துகள் இருக்கும். தண்ணீர் வற்றத் தொடங்கினால் பூநாரையும் பார்க்கலாம்.

அடையாறில் தியசாபிகல் சொசைட்டி தோட்டம். அதன் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்று மரமாக நிற்கின்றன. திறக்கும் நேரம் குறைவு, கேட்டுக்கொண்டு போங்கள். அதற்கு அந்தப் பக்கம் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கர். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கெடுத்த இடத்தை இந்த மண்ணின் மரங்களாகவே நட்டு மீட்டிருக்கிறார்கள். இந்தக் கரையின் காடு எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குக் காட்ட அதைவிடப் பக்கத்தில் வேறு இடம் எனக்குத் தெரியாது.

மேடவாக்கத்துக்கு அப்பால் நன்மங்கலத்தில் ஒரு காப்புக்காடு இருக்கிறது. பழைய கல்குவாரியின் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. வனத்துறை அனுமதியோடு, விஷயம் தெரிந்த பறவை ஆர்வலர்கள் யாரோடாவது போங்கள். எந்த இடுக்கு என்று நான் எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடு இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் கேமராக்கள் வரிசை கட்டிவிடும், தாய் கூட்டைவிட்டு எழுந்துவிடும். அந்தப் பக்கத்து மணல் தரையில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் மகனை உட்காரச் சொல்லி, ஒரு புல் நுனியால் மெல்ல ஓரத்து மணலைச் சரியவிடச் சொல்லுங்கள். அடியிலிருந்து குழியானை என்கிற பூச்சி மணலை வாரி இறைக்கும். நகரத்துப் பிள்ளைகள் இதற்கு ஆந்தையைவிட அதிகம் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு முழுநாள் கிடைத்தால் வேடந்தாங்கல். 1798இலேயே அந்த ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடித்துவிட வேண்டாம். பள்ளிக்கரணைக்கு மட்டும் இந்த மார்கழியிலிருந்து பங்குனி வரை மாதம் இரண்டு தடவை போய்வாருங்கள். அந்தக் கோழி தண்டை எந்தக் காலில் பிடிக்கிறது, இடதா வலதா, எப்போதும் ஒரே கால்தானா என்று மகனை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவன் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.