ஏழு கல் தோட்டுக்கு மஞ்சள் நடுக்கல்

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஏழு கல் தோடு செய்யக் கொடுக்க இருக்கிறோம். சுற்றி ஆறும் வெள்ளை வைரம், நடுவில் மட்டும் மஞ்சள் வைரம் வேண்டும் என்கிறாள். கல் ஒவ்வொன்றும் 5 சென்ட் (ஒரு காரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கடையில் 'ஃபேன்சி லைட்' (வெளிர் மஞ்சள்), 'ஃபேன்சி இன்டென்ஸ்' (அடர் மஞ்சள்) என்று இரண்டு வகை காட்டினார்கள். இரண்டாவதன் விலையைக் கேட்டு மலைத்துப் போனோம். முதல் வகையே போதுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்குள் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. கல்லை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். கடைக்காரர் தயங்கினால் அவருடைய ஆள் ஒருவர் கூடவே வரட்டும். நகைக்கடை விளக்குகள் நகையை விற்பதற்கென்றே மாட்டப்பட்டவை. மஞ்சள் சாய்ந்த அந்த ஒளியில் வெளிறிய கல்லும் எலுமிச்சம்பழம் போல நிற்கும். பகல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத நிழலில், மடித்த வெள்ளைக் காகிதத்தின் மேல் கல்லை வைத்துப் பாருங்கள். அங்கேயும் மஞ்சளாகத் தெரிந்தால் அது மஞ்சள்.

வைரத்துக்கு மஞ்சள் நிறம் தருவது பெரும்பாலும் நைட்ரஜன். கரியணுக்களுக்கு நடுவே இடம் பிடித்துக்கொண்ட நைட்ரஜன், ஒளியிலுள்ள நீலத்தை விழுங்கிவிடுகிறது. மிச்ச ஒளி நமக்கு மஞ்சளாக வந்து சேர்கிறது. பெரிய கல்லென்றால் ஒளி உள்ளே அதிக தூரம் ஓடும். நீலமும் அதற்கேற்ப அதிகமாகக் கழியும். 5 சென்ட் வட்டக் கல்லின் விட்டமோ இரண்டரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. டம்ளரில் அடர்ந்து நிற்கும் பால் விடாத தேநீரை ஒரு சொட்டு மட்டும் வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள், நிறம் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். சிறிய கல்லின் கதையும் அதுதான். ஒரு காரட் கல்லில் அழகாகத் தெரியும் 'ஃபேன்சி லைட்', 5 சென்ட்டில் கண்ணுக்கே எட்டாமல் போகலாம்.

உங்கள் தோட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிறிய மஞ்சள் கல் தனியாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆறு நல்ல வெள்ளைக் கற்களுக்கு நடுவே அதை உட்கார வைத்தால், விசேஷத்துக்கு வரும் அத்தைமார்கள் 'நடுக்கல்லை மட்டும் மட்டமாகப் போட்டுவிட்டார்கள்' என்றுதான் நினைப்பார்கள். மஞ்சள் என்று எடுத்தால் மஞ்சள் என்று தெரிய வேண்டும். போதாக்குறைக்கு, வட்டப் பட்டை நிறத்தைக் குறைத்துக் காட்டும். நிறத்தைப் பிடித்து வைக்கும் 'ரேடியன்ட்', 'குஷன்' போன்ற சதுரச் சாயல் பட்டைகள் ஏழு கல் தோட்டின் அமைப்புக்கு ஒத்துவராது.

அதற்காக 'இன்டென்ஸ்' வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் 'ஃபேன்சி' என்று மட்டும் குறிக்கப்படும் ஒரு படி இருக்கிறது. அதை உங்களுக்கு ஏன் காட்டவில்லை என்று கேளுங்கள். கூடவே கல் கட்டுபவரிடம், நடுக்கல்லின் கூட்டை மஞ்சள் தங்கத்திலும், சுற்றியுள்ள ஆறையும் வெள்ளைத் தங்கத்திலும் செய்யச் சொல்லுங்கள். பொன்னின் சாயல் உள்ளிருந்து ஏறி, நடுக்கல் ஒரு படி உயர்ந்தது போலத் தெரியும். வெள்ளைக் கற்களும் வெள்ளையாகவே நிற்கும். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இரண்டு காதுக்குமான கற்களை அருகருகே வைத்து, இடம் மாற்றி வைத்து, மறுபடியும் பாருங்கள். ஒன்றில் பழுப்போ பச்சையோ லேசாகக் கலந்திருந்தால் அப்போது பிடிபடும். பழுப்பு கலந்தது விலை குறைய வேண்டும். உள்தெளிவுக்காக அதிகம் கொடுக்காதீர்கள். வெறுங்கண்ணுக்குக் கரும்புள்ளி தெரியாவிட்டால் போதும்.

கேள்வி: பத்துப் பொடி மஞ்சள் வைரங்கள் பதித்த மோதிரம் பார்த்தேன். தனித்தனிச் சான்றிதழ் கேட்டதற்குச் சிரிக்கிறார்கள். பேனா போன்ற ஒரு கருவியின் முனையால் கல்லைத் தொட்டு, விளக்கு எரிவதைக் காட்டி 'அசல் வைரம்' என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சிரித்தது நியாயம்தான். 2 சென்ட் கல்லுக்குத் தனி அறிக்கை எடுப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. கருவி விஷயத்தில்தான் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேனா, கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்க்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே. அதற்கும் விளக்கு எரியும். மண்ணிலிருந்து வந்ததா, இயந்திரத்திலிருந்து வந்ததா என்பது அந்தப் பேனாவுக்குத் தெரியாது.

மஞ்சளில் இந்தச் சந்தேகம் கூடுதலாகவே வர வேண்டும். உயர் அழுத்தத்திலும் உயர் வெப்பத்திலும் வைரம் வளர்க்கும்போது காற்றின் நைட்ரஜன் தானாகவே உள்ளே புகுந்துவிடும். வெள்ளையாக வளர்க்கத்தான் மெனக்கெட வேண்டும். மஞ்சள் தானாக வரும். ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் 1985-லேயே இப்படி வளர்த்த மஞ்சள் வைரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பொடிக் கற்களோ சூரத்தில் பட்டை தீட்டப்பட்டு, சல்லடையில் அளவு வாரியாகச் சலிக்கப்பட்டு, பொட்டலம் பொட்டலமாகக் கைமாறி வருகின்றன. வழியில் எங்கேனும் கலந்துவிட்டால் உங்கள் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்கள் நகை முழுவதற்கும் சேர்த்து ஒரே அறிக்கை தருகின்றன, அதைக் கேளுங்கள். ரசீதில் 'வைரம்' என்று மொட்டையாக எழுத விடாமல், 'இயற்கை வைரம், இயற்கை நிறம்' என்று எழுதி வாங்குங்கள். நிறத்தையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கதிரியக்கத்தால் மஞ்சளாக்கப்பட்ட இயற்கை வைரமும் சந்தையில் இருக்கிறது. எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

ஆய்வக வைரத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆசைக்குப் போட்டுக்கொள்ளும் மோதிரத்துக்கு, ஒரே சீரான மஞ்சளில் பத்துக் கல் வேண்டுமென்றால் அதுவே வசதி. விலை மட்டும் ஆய்வக விலையாக இருக்க வேண்டும். திரும்ப விற்றுக் காசாக்கலாம் என்ற எண்ணமும் இருக்கக் கூடாது.

கேள்வி: பாட்டியின் எட்டுக்கல் பேசரி என்னிடம் இருக்கிறது. மூடிய கட்டு. கற்கள் நன்றாகவே மஞ்சளாகத் தெரிகின்றன. மஞ்சள் வைரத்துக்கு மதிப்பு அதிகம் என்கிறார்களே?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை. மூடிய கட்டில் கல்லின் பின்புறம் தங்கத் தகட்டால் அடைபட்டிருக்கும். அந்தத் தகட்டின் சாயலும், ஐம்பது ஆண்டுகளாக இடுக்கில் இறங்கிய எண்ணெயும் மஞ்சளும் சோப்பும் சேர்ந்துதான் பெரும்பாலும் இந்த நிறம். கல் கட்டுபவரிடம் ஒரே ஒரு கல்லைப் பிரித்துக் கழுவச் சொல்லுங்கள்.

கழுவிய பிறகும் லேசான மஞ்சள் இருந்தால்? வைரத்தின் நிறத்தை 'டி' முதல் 'இசட்' வரை எழுத்துகளால் தரம் பிரிக்கிறார்கள். 'டி' நிறமே இல்லாதது. எழுத்து கீழே இறங்க இறங்க மஞ்சள் ஏறும், விலை இறங்கும். 'இசட்'டையும் தாண்டி நிறம் ஏறினால் 'ஃபேன்சி' என்ற பெயர் கிடைத்து, விலை மறுபடியும் மேலே போகத் தொடங்கும். இந்த வினோதக் கணக்கில், லேசான மஞ்சள் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. வியாபாரிகள் அதைத் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியை வைத்துக் 'கேப்' என்பார்கள். நீலச் சாயல் கொண்ட வெள்ளை வைரத்துக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லும் 'புளூ ஜாகர்' என்ற பெயரும் அதே நாட்டின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். பேசரியை விற்காதீர்கள், கழுவிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜோதிடர் கனக புஷ்பராகம் அணியச் சொன்னார். அதற்குப் பதிலாக மஞ்சள் வைரம் அணியலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அதை ஜோதிடரிடம்தான் கேட்க வேண்டும். கல்லைப் பொறுத்தவரை புஷ்பராகம் குருந்த வகை, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் உடன்பிறப்பு. வைரம் வெறும் கரி. இரண்டும் ஒன்றுதான் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மஞ்சள் வைர மோதிரத்தைப் பெரிதாக்க வேறொரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கல் வெளுத்திருந்தது. விற்ற கடை பட்டறையைக் கைகாட்டுகிறது, பட்டறை கடையைக் கைகாட்டுகிறது. யாரைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எப்படி வெளுத்தது என்று பார்த்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். கல்லின் மேல் பால் படிந்தது போல மங்கியிருந்தால், ஊதுகுழல் சூடு அதிகமாகி வைரத்தின் மேற்பரப்பு எரிந்திருக்கிறது. அது பட்டறையின் தவறு; மறுபடி மெருகேற்றினால் சரியாகும். கல் பளபளப்பாகவே இருந்து மஞ்சள் மட்டும் காணாமல் போயிருந்தால், மேலே பூசிய நிறம் சூட்டிலோ அமிலத்திலோ போயிருக்க வாய்ப்பு அதிகம். இயற்கையான மஞ்சள், மோதிரத்தைப் பெரிதாக்கும் வேலையில் இப்படிக் கழன்று போகாது. அப்போது விற்ற கடைதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதன் நகலோடு கடைக்குக் கடிதம் எழுதுங்கள். பலன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ரசீதை வெளியே எடுக்கும்போது இன்னொன்றையும் சரிபாருங்கள். ஒரு காரட் வைரம் 200 மில்லிகிராம். மோதிரத்தின் மொத்த எடை 4.100 கிராம், கற்கள் அரை காரட் என்றால், தங்கத்துக்கு 4.000 கிராம் விலைதான் போட்டிருக்க வேண்டும். கல்லின் எடையையும் தங்கமாகக் கணக்கிட்டிருந்தால் அதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். 'ஹால்மார்க் இருக்கிறதே' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அந்த முத்திரையும் ஆறு இலக்க அடையாளக் குறியீடும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.