சாயம் இருந்ததா, இல்லையா?

கேள்வி: குமுளியில் பன்னிரண்டு வருடமாக ஏலக்காய், மிளகு, கிராம்புக் கடை வைத்திருக்கிறேன். தேக்கடி பார்க்க வந்த எர்ணாகுளத்துப் பெண் ஒருவர், என் கடையில் வாங்கிய ஏலக்காயை ஈரத்துணியில் தேய்த்து, துணி பச்சையாவதை ரீல்ஸாகப் போட்டுவிட்டார். மூன்று நாளில் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். காய் போடி வியாபாரியிடம் வாங்கியது. ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) கம்பெனி மாதம் நாற்பதாயிரம் கேட்கிறது. 200 ஐந்து நட்சத்திர ரிவ்யூ போடுவார்களாம். இரண்டு யூடியூபர்கள் வாடிக்கையாளர் போல வந்து பாராட்டுவார்களாம். அந்தப் பெண்ணுக்கு வக்கீல் நோட்டீஸும் அனுப்புவார்களாம். பணத்தைக் கட்டலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், குமுளி

பதில்: கட்டாதீர்கள்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மூன்று தடவை படித்துவிட்டேன். வியாபாரம் எவ்வளவு படுத்துவிட்டது, அந்தப் பெண் எந்த விடுதியில் தங்கினார், வீடியோவுக்குக் கீழே யார் யார் என்ன திட்டியிருக்கிறார்கள் எல்லாம் இருக்கிறது. அந்த ஏலக்காயில் சாயம் இருந்ததா இல்லையா என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பார்த்த நான்கு லட்சம் பேரும் உங்களிடம் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

இன்று ராத்திரி ஷட்டரை இறக்கியதும் அதே ஜாடியிலிருந்து ஒரு கை காய் எடுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியை நனைத்து நன்றாகத் தேயுங்கள். தூசி ஒட்டித் துணி பழுப்பானால் அது வேறு. பச்சை இறங்கினால் உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பக்குவமாகக் காய்ந்த காயில் பச்சை நிற்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அதனால்தானே கறுப்பு பாலிதீன் உறை போட்ட சாக்கில் கட்டி வைக்கிறார்கள்? கடை வாசலில், வெயில் விழுகிற கண்ணாடி ஜாடியில், மாதக்கணக்கில் ஒரு காய் வெளுக்காமல் பளபளவென்று இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவர் நீங்கள்தான்.

கையால் தேய்த்துப் பார்ப்பது உங்கள் மனசுக்கு. ஊருக்குக் காட்ட ஆய்வக அறிக்கை வேண்டும். ஏலக்காயில் நிறம் சேர்க்கவே கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதே ஜாடிக் காயைக் கட்டி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு நாளைக்கே அனுப்புங்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை வாங்கியவரும் கட்டணம் கட்டிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அந்தப் பெண் நினைத்தால் உங்களுக்கு முன்னால் அறிக்கையோடு வந்து நிற்க முடியும்.

பி.ஆர். என்றால் பூசி மெழுகுவது என்று அந்தக் கம்பெனி உங்களை நம்ப வைத்திருக்கிறது. அந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஐவி லீ. 1906-ல் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று அட்லாண்டிக் சிட்டி அருகே விபத்துக்குள்ளானது. விபத்தை மூடி மறைப்பதுதான் அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வழக்கம். லீ என்ன செய்தார்? நடந்ததைக் கம்பெனியின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார், நிருபர்களைச் சம்பவ இடத்துக்கே வரவழைத்தார். அந்தத் தொழிலின் ஆரம்பப் பாடங்களில் அது ஒன்று. நாற்பதாயிரம் கேட்பவர்கள் விற்பது வேறு சரக்கு.

"போடி வியாபாரியிடம் வாங்கியது" என்ற வரியைத் தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள். 2003-ல் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு கிடந்த விவகாரம் ஞாபகம் இருக்கும். கடைகளில் சரியாகப் பாதுகாக்கவில்லை என்றுதான் கம்பெனி முதலில் சொன்னது. அது எடுபடவில்லை, விற்பனை சரிந்தது. பிறகு உறையையே மாற்றி, காற்றுப் புகாதபடி செய்தார்கள். அதற்கப்புறம்தான் 2004-ல் அமிதாப் பச்சன் திரையில் வந்து பேசினார். முதலில் உறை, பிறகு அமிதாப். இந்த வரிசைதான் முக்கியம். அவ்வளவு பெரிய கம்பெனி பழியைக் கடைக்காரர் மேல் போட்டபோதே ஜனங்கள் ஏற்கவில்லை. கடைக்காரர் நீங்கள் யார் மேல் போடுவீர்கள்? உங்கள் தராசில் நிறுத்து, உங்கள் கையால் கொடுத்த காய் அது.

200 ரிவ்யூ விஷயம். ஒரே வாரத்தில் 200 பேர் குமுளிக் கடையைப் புகழ்ந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். பெயரைத் தொட்டுப் பார்த்தால் அதே ஆள் அதே நாளில் ஜெய்ப்பூர் சலூனையும் புகழ்ந்திருப்பார். கூகுளும் போலி ரிவ்யூக்களைத் தடை செய்கிறது. யூடியூபர் காசு வாங்கினால் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்துவிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சாயத்தோடு பொய்யும் சேர்ந்தால் கடையை யாராலும் காப்பாற்ற முடியாது.

நோட்டீஸா? 2003-ல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசேண்ட், கலிஃபோர்னியா கடற்கரைப் படங்களில் தன் வீடு இருக்கிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவரை இணையத்திலிருந்து அந்தப் படத்தை இறக்கியது ஆறு தடவை, அதிலும் இரண்டு அவருடைய வக்கீல்கள். செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போய்ப் பார்த்தார்கள். வழக்கும் தோற்றது. உங்கள் நோட்டீஸை அந்தப் பெண் அடுத்த ரீல்ஸில் வாசித்துக் காட்டுவார்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கடிதத்தின் நான்காம் பக்கம். "தமிழன் கடை என்பதால்தான் குறி வைக்கிறார்கள், நம்ம ஆட்கள் பதிலடி கொடுக்கத் தயார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணாச்சி. ஒரு ரோடு, நடுவில் செக்போஸ்ட், இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் அந்த வழி அடைபட்டுக் கிடந்ததையும், தோட்ட வேலைக்குப் போன நம் பெண்கள் பயந்துபோய் மலையிறங்கி வந்ததையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் கேட்டது காயைப் பற்றி. உங்கள் மொழியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஜாடி ஏலக்காய்க்காக அந்த நெருப்பை மறுபடி மூட்டினால், கூலிக்கு ஜீப் ஏறுகிறவர்கள்தான் முதலில் அடி வாங்குவார்கள்.

என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி எழுதுங்கள்: "வீடியோவில் இருப்பது என் கடையில் விற்ற காய்தான். அந்த ஜாடியை எடுத்துவிட்டேன். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், முடிவை இங்கேயே போடுகிறேன். அந்தச் சரக்கு வாங்கியவர்கள் பில் இல்லாவிட்டாலும் வாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன்." இதை மலையாளத்திலும் எழுதுங்கள், மலையாளத்தை முதலில் போடுங்கள். கடையில் பேசுகிற மலையாளம் போதும், இலக்கணம் பார்க்க வேண்டாம். உங்கள் முகத்தைக் காட்டி, ஜாடிக்குப் பக்கத்தில் நின்று, நீங்களே பேசுங்கள். அந்தப் பெண்ணின் வீடியோவுக்குக் கீழேயும் அதையே போடுங்கள். மூன்று நாள் ஏற்கனவே போய்விட்டது, நான்காவது நாளை விடாதீர்கள்.

ஆய்வக அறிக்கை வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எப்படி வந்திருந்தாலும் இதே பக்கத்தில் போடுகிறேன்.