வரமாட்டேன் என்பவரைச் சேர்க்கலாமா? மனநல மருத்துவர் பதில்கள்

அண்ணனுக்கு யாரோ விஷம் வைப்பதாகப் பயம். நாலு நாளாகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே கத்துகிறார். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடலாமுங்களா டாக்டர்? (பல்லடம்)

சேர்க்கலாம். ஆனால் வீட்டார் விரும்பினால் மட்டும் போதாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்க வேண்டும், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ ஒருவரும் தனித்தனியே பார்த்து ஒப்ப வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். நாலு நாள் பட்டினி ஆபத்துதான், இன்றே கிளம்புங்கள். அவசரத்தில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். முரட்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள். தாய்மாமனோ, தறிக்குடோனில் கூட வேலை பார்த்தவரோ, அவர் நம்பும் ஒருவர் உடன் வரட்டும். வழி கேட்க 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ்.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா? (கோவை)

இல்லை. 22 நாடுகளை ஒப்பிட்டு 2019-ல் வந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் ஆஸ்திரியாவில் 282, இத்தாலியில் 14.5. நோய் இருபது மடங்கு மாறுமா? மாறாது. சட்டமும் ஏற்பாடும் வேறு. இத்தாலி 1978-ல் பெரிய மனநல மருத்துவமனைகளை மூட முடிவுசெய்து, ஊருக்குள் மையங்களை வளர்த்தது. அங்கே கட்டாயச் சேர்க்கைக்கு மேயர் உத்தரவு வேண்டும். அதுவும் ஏழு நாளுக்கு, தேவைப்பட்டால் நீட்டிப்பு.

நம் பக்கத்தில் என்னை உறுத்துவது தூரம். தாளவாடி மலையிலிருந்து மாத்திரை வாங்க இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. மாத்திரை நிற்கும், நோய் முற்றும், கடைசியில் கையைக் காலைப் பிடித்துத்தான் கொண்டுவருவார்கள். மாதாமாதம் மாத்திரை ஊருக்கே வந்தால் இந்தச் சேர்க்கைகளில் பலவும் நடக்காது.

சித்தப்பாவைத் தோட்டத்துச் சாளையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறோம். வேறு வழி தெரியவில்லை. (காங்கேயம்)

இன்றைக்கே கழற்றுங்கள். சங்கிலியைச் சட்டம் அடியோடு தடுக்கிறது. 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். உங்கள் களைப்பு புரிகிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கு அரசு மருத்துவமனையில் சொல்லுங்கள்.

பாகப்பிரிவினை நடக்கும் நேரம். என்னைச் சேர்த்துவிட்டால் கையெழுத்து செல்லாது என்கிறார் கொழுந்தனார். (கோபி)

பொய்யம்மா. சிகிச்சை பெற்றதாலேயே யாரும் சித்தசுவாதீனமற்றவர் ஆகமாட்டார்கள். அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். பெண்ணைக் கட்டாயமாகச் சேர்த்தால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை தெரிவித்தாக வேண்டும். சேர்த்ததை எதிர்த்து நீங்களே அங்கு மனுப் போடலாம். வக்கீல் உதவி இலவசம். உங்கள் சார்பில் முடிவுக்கு உதவுபவர் யார் என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். அது கொழுந்தனாராக இருக்க வேண்டியதில்லை.