பாவிச்ச குட்டி மெக்கானிக்கல் கீபோட் எடுக்கலாமோ? மல்லாவித் தங்கச்சிக்கு ஒரு பதில்

மல்லாவியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கொம்யூனிகேசன் ஒண்டில டைப்செற்றிங் செய்யிறாவாம், அடிக்கிறது பாமினி எழுத்துருவில, மேசையில இடம் காணாதாம். கொழும்பில ஒராள் பாவிச்ச, 60 வீதம் எண்டு சொல்லுற கீ குறைஞ்ச குட்டி மெக்கானிக்கல் கீபோட் ஒண்டு விக்கிறாராம், எடுக்கலாமோ எண்டு கேள்வி.

தங்கச்சி, மெக்கானிக்கல் எடுங்கோ, பாவிச்சதெண்டாலும் பரவாயில்லை, ஆனா உந்த 60 வீதம் உங்கட வேலைக்குச் சரிவராது. அதில 61 கீ தான். எஃப்1, எஃப்2 வரிசை இல்லை, அம்புக்குறி இல்லை, டிலீற் இல்லை, எல்லாத்தையும் எஃப்என் கீயை அமத்திக்கொண்டு தான் எடுக்கோணும். அதைக் கூடப் பழகிப்போடலாம், பாமினிக்காரருக்கு உண்மையான அரியண்டம் இடப்பக்க மேல் மூலை. 1க்குப் பக்கத்தில இருக்கிற கீ தானே உங்களுக்கு ஹ, இதில அந்த இடத்தில எஸ்கேப் வந்து குந்திக்கொண்டிருக்கும், ஒவ்வொரு ஹவுக்கும் எஃப்என் சேத்து அமத்தோணும். இப்ப பிறக்கிற பிள்ளையளுக்கு ஹ, ஷ, ஜ இல்லாமல் ஆர் பேர் வைக்கினம் சொல்லுங்கோ, ஒரு பிறந்தநாள் பனர் அடிக்கவே கை நொந்துபோம்.

65 வீதத்தில அம்புக்குறி இருக்கும், ஆனா கனக்க மொடலில மூலையில எஸ்கேப் தான். 75 வீதம் பாருங்கோ, 84 கீ போல வரும், எஸ்கேப் மேல் வரிசைக்குப் போயிடும், ஹ தன்ர இடத்தில இருக்கும். இடம் காணாது எண்டு யோசிக்காதேங்கோ, முழுக் கீபோட் 44 சென்ரிமீற்றர் போல அகலம், 60 வீதம் 29, 30, 75 வீதம் 31, 32 தான். இந்த ரெண்டு சென்ரிமீற்றருக்காக ஹவை விக்காதேங்கோ.

பாவிச்சது எண்டு பயப்பிடுறதுக்கு வருவம். மெக்கானிக்கலில ஒவ்வொரு கீக்கும் அடியில தனிச் சுவிட்ச் இருக்கு, அதின்ர வகையை நிறத்தால சொல்லுவினம். செரி கொம்பனி தன்ர நீலச் சுவிட்சுக்கு 5 கோடி தட்டு, சிவப்புக்கு 10 கோடி எண்டு சொல்லுது, அதை அடிச்சு முடிக்க ஒருத்தராலயும் ஏலாது. பழுதாகிறது வேற இடத்தில. சுவிட்சுக்குள்ள ரெண்டு மெல்லிய உலோகத் தகடு இருக்கு, கீயை அமத்தேக்க ரெண்டும் முட்டும், முட்டின உடன சில மில்லி செக்கன் துள்ளும். அந்தத் துள்ளலைக் கீபோட்டே கணக்கெடுக்காமல் விட்டிடும். தகட்டில புழுதி, ஈரம் பிடிச்சா துள்ளல் நீளும், அப்ப ஒருக்கா தட்டினா எழுத்து ரெண்டு தரம் விழும். எங்கட பக்கத்துச் செம்மண் புழுதிக்கு இது கெதியா வரும், வாங்கினாப் பிறகு இரவில ஒரு துணியால மூடி வையுங்கோ.

அதால விக்கிறவரிட்ட போட்டோ கேக்காதேங்கோ, வீடியோ கேளுங்கோ. நோட்பாட்டைத் திறந்து ஒவ்வொரு கீயையும் மெதுவா பத்துத் தரம் தட்டச் சொல்லுங்கோ, அமத்திப் பிடிக்கக் கூடாது, பிடிச்சா நல்ல கீயும் கனக்க எழுத்து விழுத்தும். பத்துக்கு பதினொண்டு விழுந்தா அந்தச் சுவிட்ச் சரியில்லை. கேம் விளையாடின பொடியன்ர கீபோட் எண்டா டபிள்யூ, ஏ, எஸ், டி நாலையும் வடிவாப் பாருங்கோ, அது உங்களுக்கு ற, ய, ள, ன எல்லோ. புள்ளி போடுற செமிகோலனையும் விட்டிடாதேங்கோ, தமிழில அதுக்குத் தான் கூட அடி விழும். கீயின்ர மேல் பளபளப்பைப் பாத்து வெருளத் தேவையில்லை, ஏபிஎஸ் பிளாஸ்ரிக் எண்டா கெதியா மினுங்கும், அடிக்கிறதுக்கு ஒரு குறையுமில்லை. வயரைக் குத்திற இடத்தை மெல்ல ஆட்டிக் காட்டச் சொல்லுங்கோ, ஆட்டேக்க லைற் நிண்டு நிண்டு வந்தா வேண்டாம்.

ஹொட்சுவொப் எண்டு போட்டிருந்தா கொஞ்சம் காசு கூடவெண்டாலும் அதை எடுங்கோ. பழுதான சுவிட்சைக் கையால கழட்டி வேற குத்தலாம். இல்லாட்டி ஒவ்வொண்டுக்கும் சோல்டர் எடுக்கோணும், கிளிநொச்சியில போன் திருத்திற பொடியள் செய்வினம், ஆனா ஒரு கீயோட நிக்காது. ஒண்டு மட்டும் கேளுங்கோ, எந்தச் சுவிட்சும் போகுமோ எண்டு, சில மலிவுக் கீபோட்டின்ர ஓட்டை ஒடுக்கம், மெல்லிய கால் உள்ள அவுட்டெமு சுவிட்ச் மட்டும் தான் போகும்.

நீலச் சுவிட்ச் எடுத்தா கடை முழுக்கச் சத்தம், முதலாளி பேசுவார். சிவப்பு அல்லது பிரவுண் எடுங்கோ.

ஜேர்மனியில இருந்து மாமா கொண்டந்த கீபோட் ஆரும் தந்தா வை (Y) எழுத்தும் இசட் (Z) எழுத்தும் இடம் மாறி அச்சடிச்சிருக்கும், பயப்பிடாதேங்கோ, விண்டோசில இங்கிலீசுக் கீபோட் எண்டு வைச்சிருந்தா ல, ண பழைய இடத்தில தான் விழும்.

விலை, அதே மொடல் புதுசின்ர பாதிக்கு மேல கேட்டா விடுங்கோ, புதுசுக்கு வொறண்டி எண்டாலும் இருக்கு. காசை முன்னுக்குப் போடாதேங்கோ. பாசல் வீட்டுக்கு வந்து காசு குடுக்கிற முறையிலயும் கனபேர் காசு வாங்காமல் பெட்டியை உடைக்க விடமாட்டினம், கொழும்பில சொந்தக்காரர் ஆரும் இருந்தா அவையை ஒருக்கா நேர போய் லப்டொப்பில குத்தி அடிச்சுப் பாத்திட்டு பஸ்ஸில போட்டுவிடச் சொல்லுங்கோ.