வலிப்பு 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் என்ன மருந்து கொடுப்பார்கள்?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டினால் அது அவசரநிலை, 108-ஐ அழைக்க வேண்டியதுதான். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் ஒரு பயனும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்.

வீட்டில் கொடுக்கக்கூடியது மிடசோலம் மூக்கு ஸ்பிரே. எத்தனை முறை அடிப்பது என்பது எடையைப் பொறுத்தது, அதனால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு டப்பா மேலேயே எழுதி வையுங்கள், பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் லோராசெபாம் போடுவார்கள், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4 மி.கி. கை உதறும்போது நரம்பு கிடைப்பது லேசில்லை, அப்போது தொடையில் மிடசோலம் ஊசி (40 கிலோவுக்கு மேல் 10 மி.கி.). இவை மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகள் (மூளைச் செல்லின் மேற்பரப்பில் மருந்து போய் ஒட்டும் இடங்கள்) வழியாக வேலை செய்கின்றன. வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் செல்லுக்குள் போய்விடும், அப்புறம் அதே மருந்து சரியாகக் கேட்காது. தாமதிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அதற்கும் அடங்காவிட்டால் லெவெடிராசெட்டம், ஃபாஸ்ஃபெனிடோயின், வால்ப்ரோயேட் மூன்றில் ஒன்று. 2019-இல் வெளியான ஆய்வில் மூன்றுமே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கேட்டது. மிச்சப் பேருக்கு ஐசியு, மயக்க மருந்து.