தொட்டியில் இறங்கும் முன்

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். நெல் ஊறிய தண்ணீர் விழும் தொட்டியைத் தூர்வாரும் முன் நான்கு வாயு டிடெக்டரை (ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவி) காட்டிப் பார்க்கிறோம். எப்போதும் விஷவாயு 0 என்றே வருகிறது. நம்பலாமா?

பதில்: அந்த 0-தான் சந்தேகத்துக்கு இடம் தருகிறது. செத்துப்போன சென்சாரும் 0 தான் காட்டும். வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும் சோதனை சிலிண்டரில் உள்ள, அளவு தெரிந்த வாயுவைச் சில நொடி கருவியில் செலுத்தி, அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்காவிட்டால் காலிபரேஷன், அதாவது கருவியின் அளவைச் சரிசெய்தல். அதிலும் தேறாவிட்டால் சென்சாரை மாற்ற வேண்டும்.

கருவியைத் தொட்டி வாயில் ஆன் செய்யாதீர்கள். டீசல் இன்ஜின் புகை எட்டாத வெட்டவெளியில் ஆன் செய்து, ஆக்சிஜன் 20.9 சதவீதம் வந்தபின் எடுத்துச் செல்லுங்கள். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் தங்கும். ஆகவே மேல், நடு, அடி மூன்றிலும் பார்க்க வேண்டும். தொட்டிக்குள்ளிருந்து கருவிக்குக் காற்றை இழுக்கும் பம்புக் குழாய் நீளமானால் வாயு வந்துசேரத் தாமதமாகும், அவசரப்படாதீர்கள்.

முதலில் ஆக்சிஜனைப் படியுங்கள். அது மிகக் குறைந்தால், எரிவாயு சென்சார் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ், எரிவாயு வெடி எல்லையில் (வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதம், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு): இதில் எது வந்தாலும் இறங்கக் கூடாது. சேற்றைக் கிளறும்போதுதான் வாயு குபீரென்று கிளம்பும். கருவி ஆளின் நெஞ்சில் ஓடிக்கொண்டே இருக்கட்டும், மேலே ஒருவர் நிற்கட்டும். சாதாரண நான்கு வாயுக் கருவி கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது, ஊறல் தண்ணீர் புளித்தால் அதுவும் உண்டாகும். ஊதுவிசிறி போட்டே வேலை செய்யுங்கள்.

உமித்தூசி ஃபில்டரை அடைக்கும், மாற்றுங்கள். சிலிக்கான் ஸ்பிரே அருகில்கூட வேண்டாம், எரிவாயு சென்சாரைக் கெடுத்துவிடும்.