சாப்பாடு நைஸ், வீடு நைஸ், நீங்களும் நைஸ்: ஸ்வீடிஷில் எப்படிச் சொல்வது?

கேள்வி: கோத்தன்பர்க்கில் ஒன்றரை ஆண்டாக இருக்கிறோம். போன சனிக்கிழமை எதிர் வீட்டு வயதான தம்பதி எங்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். நன்றி சொல்லி ஓர் அட்டை எழுத நினைக்கிறேன். ‘நைஸ்’ என்ற சொல்லை வைத்து ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். சாப்பாடு, வீடு, மனிதர்கள் எல்லாவற்றுக்கும் ‘த்ரேவ்லி’ என்றே வந்தது. என் மகள் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். எது சரி?

பதில்: மகள் சிரித்தது நியாயம்தான். நீங்கள் எழுதியதில் பிழை இல்லை, ஆனால் ஸ்வீடன்காரர் யாரும் அப்படி எழுதமாட்டார்.

‘நைஸ்’ ஒரு சோம்பேறிச் சொல். லத்தீனில் ‘அறியாதவன்’ என்ற பொருளில் பிறந்து, இடைக்கால ஆங்கிலத்தில் ‘முட்டாள்’ என்று கொஞ்ச காலம் திரிந்து, இன்று எதற்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறது. நம்முடைய ‘நல்லா இருக்கு’ மட்டும் என்ன வாழ்ந்தது? தோசை, சேலை, வானிலை, மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் நமக்கு. ஸ்வீடிஷ் அப்படி விடாது. அந்த நல்லதை உங்களில் எது உணர்ந்தது என்று கேட்கும். நாக்கா, கண்ணா, உடம்பா, மனசா? அதற்குப் பதில் தெரிந்தால் சொல் தானாக வரும்.

நாக்கு உணர்ந்தது என்றால் ‘கூட்’. முதலெழுத்தை ‘கோவிந்தன்’ போல அழுத்திச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு இதுதான். ‘த்ரேவ்லி’ போட்டால் சோறு கலகலப்பாகப் பேசியது என்பதுபோல் ஆகிவிடும். கண் பார்த்து ரசித்தது, வீடு, திரைச்சீலை, வெயிலடிக்கும் நாள் என்றால் ‘ஃபீன்’. உடம்புக்குச் சுகம் என்றால் ‘ஷோன்’. எழுதும்போது எஸ், கே, இரண்டு புள்ளி வைத்த ஓ, என். அந்த எஸ்-கே ஒலி ‘ஷ’வுக்கும் ‘ஹ’வுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது, பழகப் பழகத்தான் வரும். மெத்தை, வெந்நீர்க் குளியல், விடுமுறை எல்லாம் ‘ஷோன்’. நாள் முழுக்க நின்றுவிட்டு ஷூவைக் கழற்றும்போது நாம் விடும் ‘அப்பாடா’வுக்கு அங்கே ‘வா ஷொன்ட்!’ என்பார்கள். ஜெர்மன் தெரிந்தவர்கள் இதை ‘அழகு’ என்று நினைத்துவிடுவார்கள். பழைய கவிதையில் அந்தப் பொருள் உண்டு. இன்றைய பேச்சில் ‘ஷோன்’ ஆள் என்றால் அலட்டல் இல்லாத ஜாலியான ஆள்.

மனிதர்களுக்கு வரும்போதுதான் பலர் சறுக்குவார்கள். ‘த்ரேவ்லி’ என்றால் பழக இனிமையானவர், கூட உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. ‘ஸ்னெல்’ என்றால் குணத்தில் தங்கம். வீட்டு நாயைப் பார்த்து நீங்கள் ஒதுங்கினால் உரிமையாளர் “ஸ்னெல், ஸ்னெல்” என்பார். நம் ஊரில் “சாதுங்க, ஒண்ணும் செய்யாது” என்பார்களே, அதேதான். இன்ஷூரன்ஸ் விற்க வருபவர் ‘த்ரேவ்லி’யாக இருக்கலாம், ‘ஸ்னெல்’ ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் எதிர்வீட்டார் இரண்டுமே என்று நினைக்கிறேன். மனிதருக்கும் ‘ஃபீன்’ சொல்வதுண்டு, அப்போது அது உயர்ந்த மனிதர் என்ற பொருளில் வரும். எல்லைக்கோடு அவ்வளவு கறாராக இல்லை.

இந்த ‘ஸ்னெல்’லுக்கு ஒரு காலத்தில் ‘வேகமான’, ‘திறமையான’ என்று பொருள். ஜெர்மனில் ‘வேகம்’ என்று இருக்கும் அதே சொல்தான். விரைவு ரயிலுக்கு ஸ்வீடிஷில் இருக்கும் ‘ஸ்னெல்டோக்’ என்ற பெயரில் பழைய பொருள் இன்னும் ஓடுகிறது. அன்பான ரயில் என்று நினைத்து ஏறியவன் நான்.

இன்னொரு பொறி ‘ப்ரா’. உள்ளாடை நினைவு வந்தால் என் குற்றமில்லை, அந்த மொழியில் ‘நன்று’ என்பதற்கு அதுதான் பொதுச்சொல். ஆண்பால் பெண்பால் ஒருமை பன்மை எதற்கும் உருமாறாது என்பதால் புதிதாகப் படிப்பவர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஆனால் ‘நல்லா இருக்கேன்’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி “யா ஏர் ப்ரா” என்று சொல்லாதீர்கள். நான் திறமைசாலி என்று பீற்றிக்கொள்வதுபோல் கேட்கும். “யா மோர் ப்ரா” என்பதே சரி. வெயிலுக்கு மோர் குடித்துவிட்டுச் சுகமாக இருக்கிறேன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. எழுதும்போது அந்த மோரின் ஏ-க்கு மேல் சின்ன வளையம் வரவேண்டும். வளையமும் புள்ளிகளும் அலங்காரம் அல்ல, தனி எழுத்துகள். 29 எழுத்துள்ள நெடுங்கணக்கில் வளையம் வைத்த ஏ, புள்ளி வைத்த ஏ, புள்ளி வைத்த ஓ மூன்றும் கடைசியில் நிற்கும், அகராதியில் தேடும்போதும் கடைசியில்தான் கிடைக்கும்.

‘நல்ல மனிதர்’ என்று எழுதும் ஆசையில் வீட்டுக்காரரை ‘கூட் மன்’ என்று எழுதிவிடாதீர்கள். நல்ல மனிதர் என்ற பொருள் அதற்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நோயாலோ முதுமையாலோ தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாதவருக்குச் சட்டப்படி நியமிக்கப்படும் காப்பாளருக்கும் அதுவே பெயர். வயதான தம்பதிக்கு அனுப்பும் அட்டையில் அந்தச் சிரிப்பு வேண்டாம்.

இனி விகுதி. செயலி பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்கள் இரண்டு வகை. ‘என்’ சேரும் சொற்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மிச்சம் ‘எட்’ சேரும் சொற்கள். ‘எட்’ வந்தால் பெயரடையின் வாலில் ஒரு டகரம் ஏறும். பன்மையானால் ஆகாரம். ஸ்னெல், ஸ்னெல்ட், ஸ்னெல்லா. ஃபீன், ஃபின்ட், ஃபீனா. ‘கூட்’ டகரம் ஏறும்போது உயிரெழுத்தும் சுருங்கி ‘கொட்’ ஆகும், பன்மையில் ‘கூடா’. தமிழ்க் காதுக்குத் தடைச்சொல்லாக விழும், பயப்பட வேண்டாம். டிசம்பரில் எல்லாரும் சொல்லும் வாழ்த்திலேயே விதி அடங்கியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ‘கூட் யூல்’, புத்தாண்டுக்கு ‘கொட் நூட் ஓர்’. முன்னது என்-சொல், பின்னது எட்-சொல்.

இந்த விதியையும் அவர்களே ஓர் இடத்தில் மீறுவார்கள். ‘பான்கேக் சுவையானது’ என்பதை “பன்காகுர் ஏர் கொட்” என்பார்கள். பான்கேக்குகள் பன்மை, விதிப்படி ‘கூடா’ வரவேண்டும். ஆனால் தட்டில் இருக்கும் இந்தப் பான்கேக்குகளைப் பற்றியா பேச்சு? பான்கேக் சாப்பிடுவது என்ற சங்கதியைப் பற்றி. அதனால் ஒருமை, அதிலும் டகரம். இலக்கண ஆசிரியர்கள் இதற்குப் ‘பான்கேக் வாக்கியம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு இது தேவைப்படாது.

பெரியவர்களை எப்படி விளிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உள்ளுக்குள் உறுத்தியிருக்கும். ஸ்வீடனில் எல்லாருக்கும் ‘டு’தான், அதாவது நம் ‘நீ’. 1967-இல் மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லாரையும் ‘டு’ என்றே அழைக்கப் போவதாக அறிவித்தார். அப்போதே தொடங்கியிருந்த மாற்றத்துக்கு அது அடையாளமாக நின்றுவிட்டது. நமக்கு நாக்கு எழாது. உங்கள் அதிர்ஷ்டம், எழுதப் போவது இரண்டு பேருக்கு. பன்மைக்குச் சொல் ‘நீ’. ஆமாம், நம் காதுக்கு ‘நீ’ என்று ஒலிப்பதற்குப் பொருள் ‘நீங்கள்’. மரியாதைக் கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் இப்படி எழுதுங்கள். ஒலியை மட்டும் தருகிறேன். எழுத்துக்கூட்டலை மகளிடமோ, ஸ்வீடிஷ் அகாடமி தன் அகராதிகளை இலவசமாகத் தேட வைத்திருக்கும் இணையதளத்திலோ சரிபார்த்துக்கொள்ளலாம்.

“ஹேய்! டக் ஃபொர் சேனஸ்ட்! டே வார் சோ ஸ்னெல்ட் ஆவ் ஏர் அட் பியூடா ஒஸ். வில்கென் த்ரேவ்லி க்வெல்! மாட்டென் வார் யெட்டெகூட். வா ஃபின்ட் நீ ஹார் டே! வார்மா ஹெல்ஸ்னிங்கர்.”

போன முறைக்கு நன்றி, எங்களை அழைத்தது உங்கள் அன்பு, எவ்வளவு இனிய மாலை, சாப்பாடு பிரமாதம், வீட்டை எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள், அன்பான வணக்கங்களுடன். ‘யெட்டெ’ என்றால் அரக்கன். முன்னால் ஒட்டினால் ‘ரொம்ப’ என்று பொருள், பின்னால் வரும் சொல்லோடு இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள். விளக்கை மங்கலாக்கி மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்களா? அப்படியானால் ‘த்ரேவ்லி’யை எடுத்துவிட்டு, உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘மீசி’யைப் போடலாம். கதகதப்பான, நெருக்கமான சூழலுக்கு அந்தச் சொல். இளைஞர்கள் ஆங்கிலத்திலிருந்து எடுத்து, என், ஏ, ஜே, எஸ் என்று எழுதும் ‘நைஸ்’ ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மகளின் தோழிகளுக்கு அது சரி, இந்த அட்டையில் வேண்டாம்.

அட்டை போய்ச் சேருவதற்குள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முந்திக்கொண்டு நீங்களே ‘டக் ஃபொர் சேனஸ்ட்’ சொல்லிவிடுங்கள். விருந்துக்குப் போனவர் அடுத்த சந்திப்பில் முதலில் சொல்லவேண்டியது அதுதான்.

பதில் விருந்துக்கு அவர்களைக் கூப்பிடாமல் இருக்கமாட்டீர்கள். உங்கள் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு “ஸ்டார்க்ட்” என்றால் காரம் என்று பொருள். உடனே “மென் கொட்” என்று வருகிறதா பாருங்கள். ‘ஆனாலும் ருசி’ என்பது அது. வரவில்லையென்றால் தயிரை அவர்கள் பக்கம் நகர்த்துங்கள்.